கணக்கின் சொந்தக்காரர்

அத்தியாயம் 9: முகம்

"நேரம், காலை எட்டு மணி."

அடுப்புக்கு மேலிருந்த வானொலிப் பெட்டியிலிருந்து ரொசமெல் சொன்னார். தொண்டையில் கொஞ்சம் சளி, 'எட்டு' என்ற இடத்தில் ஒரு சின்ன அவசரம். எப்போதும் போலவே.

மாத்தே தேயிலை போட்ட குவளைக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த எதித்தாவின் கை அப்படியே நின்றது. மணி சொல்லி முடியும்வரை அவள் எதையும் நறுக்குவதில்லை, யாருக்கும் பதில் சொல்வதில்லை. போன குளிர்காலத்தில் அவள் கணவர் ரொசமெல் படகோடு காணாமல் போனதிலிருந்து அந்த வீட்டுக்கு இது பழகிவிட்டது.

"அம்மா, தண்ணி வழியுது," என்றாள் யாஸ்னா.

எதித்தா கெட்டிலை நிமிர்த்தினாள். தரைப் பலகைக்குக் கீழே கடல் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டைத் தாங்கும் மரக்கால்களில் அலை மோதும் சத்தம், யாரோ கீழிருந்து விரல் முட்டியால் தட்டுவது போல.

"நாளைக்கு இந்த நேரத்துக்கு அப்பா சொல்லமாட்டாரு," என்றாள் யாஸ்னா, மடிக்கணினித் திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "கடைசி எச்சரிக்கை வந்திருக்கு. இன்னிக்குச் சாயங்காலத்தோட சரி."

எச்சரிக்கை அனுப்பியது எஸ்தாந்தே. மேசைக் கணினிகளுக்கான மென்பொருள்களை விற்கவும் வாங்கவும் இருக்கும் இணையக் கடை. ரொசமெல் எழுதிய 'ரெகாதோ'வும் அந்தக் கடையின் அலமாரியில்தான் இருந்தது. தீவுகளின் சிறு வானொலி நிலையங்களுக்கென்றே எழுதியது. எந்தப் படகு இன்று கிளம்பாது, யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, யாருடைய ஆடு யார் தோட்டத்தில் நிற்கிறது என்று தீவுக்காரர்கள் கொண்டுவந்து கொட்டும் சேதிகளை அது வரிசைப்படுத்தி ஒலிபரப்பும். நடுநடுவே மணி சொல்லும். அந்தக் குரல் அவருடையது. இதே வீட்டில், கம்பளி அடைத்த அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு பதிந்தது.

கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. விற்கிறவர் உயிரும் உடம்புமாக இருக்கிறாரா என்று அவ்வப்போது கேட்கும். கேமரா முன்னால் உட்கார்ந்து, தலையை இடமும் வலமும் திருப்பி முகத்தைக் காட்ட வேண்டும். ரொசமெலின் முறை வந்தபோது காட்டுவதற்கு முகம் இல்லை.

போன வாரம் அவருடைய தம்பி நொல்பெர்த்தோ மீசையைச் சிரைத்துக்கொண்டு, அண்ணனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தான். கடை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. 'நீங்கள் இவர் அல்ல' என்று சொல்லிவிட்டது. மீசை போனதுதான் மிச்சம்.

இனி ஒரே வழி. சொந்தக்காரர் இறந்துவிட்டார் என்று சான்றிதழைக் காட்டினால் கணக்கு வாரிசின் பெயருக்கு மாறும். காட்டாவிட்டால் ரெகாதோ அலமாரியிலிருந்து இறங்கும். எந்தெந்த நிலையத்தில் ஓடுகிறதோ அங்கெல்லாம் பூட்டிக்கொள்ளும்.

காணாமல் போனவர் இறந்தவராகக் கொள்ளப்படுகிறார் என்று நீதிமன்றம் தீர்ப்பு எழுதிக் கொடுத்துவிட்டது. நடையாய் நடந்து அதை வாங்கிவந்தது நொல்பெர்த்தோ. பதிவு அலுவலகத்தில் மனைவி ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

எதித்தா அந்தக் கையெழுத்தைப் போடமாட்டேன் என்று இருந்தாள்.

"குரல் நம்மகிட்டயே இருக்கேம்மா," என்றாள் யாஸ்னா. "எல்லா மணியையும் தனியா எடுத்து வச்சிருக்கேன். எப்ப வேணும்னாலும் கேக்கலாம்."

"எடுத்து வச்சுக் கேக்கறது செத்தவங்க குரல், கண்ணு. இது அப்படி இல்ல. இப்ப மணி என்னன்னு இப்பவே சொல்றாரு. உயிரோட இருக்கறவங்கதான் அதைச் சொல்லுவாங்க."

யாஸ்னா திரையை இன்னும் நெருங்கிக் குனிந்தாள்.

கதவு திறந்தது. மழையைத் தோளில் போட்டுக்கொண்டு நொல்பெர்த்தோ வந்தான். மீசையில்லாத மேலுதட்டை விரலால் தடவுவது இப்போது அவனுக்கு வழக்கமாகிவிட்டது.

"வண்டி வெளியில நிக்குது அண்ணி. நீங்க கிளம்பினா கிளம்பலாம்."

"நான் இன்னும் முடிவு பண்ணல."

"சரி." அவன் அடுப்பருகே உட்கார்ந்து ஒரு மில்காவோ உருளைக்கிழங்கு அடையைப் பிய்த்து வாயில் போட்டான். "எனக்கு ஒண்ணுதான் புரியல. நிலையத்துக்காரங்க ஆளாளுக்குத் தனித்தனியா வாங்கியிருந்தா இந்தத் தலைவலியே இல்லையே. அவங்கவங்க வாங்கினது அவங்கவங்ககிட்ட ஓடிட்டுப் போகுது."

"வாங்கினாத்தானே சித்தப்பா?" யாஸ்னா திரும்பினாள். "அப்பா எங்க வாங்க விட்டாரு?"

எதித்தாவுக்குச் சிரிப்பு வந்தது, வரக்கூடாத நேரத்தில். ரெகாதோவில் சிக்கல் என்றால் நிலையத்துக்காரர்கள் கூப்பிடுவது அவளைத்தான். எந்தக் கணினி எந்த ஜன்னலோரம் நனைகிறது என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும்.

"அந்தத் தீவுங்கள்ல யார்கிட்ட பேங்க் கார்டு இருக்கு? கடையில வாங்கணும்னா கார்டு வேணும், கணக்கு வேணும். உன் அண்ணன் படகுல போவாரு. அவங்க கணினியில உட்கார்ந்து தன்னோட கணக்கைத் திறப்பாரு. தானே தன் சரக்கை இறக்கி ஏத்திக் குடுத்துட்டு, ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் ஒரு வாளி சிப்பியும் வாங்கிட்டு வந்துருவாரு."

"திரும்ப மூடிட்டு வரமாட்டாரு," என்றாள் யாஸ்னா. "ஒவ்வொரு தீவுலயும் அவர் கணக்கு திறந்தே கிடக்கு. கடையைப் பொறுத்தவரைக்கும் அத்தனை கணினியும் ஒரே ஆளோடது. ஆள் போனா எல்லாம் போச்சு."

"கடையை ஏமாத்தியிருக்காரா அண்ணன்?"

"ஏமாத்தல சித்தப்பா. கடை என்ன சொல்லுதுன்னு படிக்கவே இல்ல."

தொலைபேசி அடித்தது. அலாவோ தீவின் வானொலியை நடத்தும் ஓர்பெலினா. அவள் பேசினால் கருவியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும்.

"ஏம்மா எதித்தா, இன்னிக்கு என் ஜனங்ககிட்ட என்ன சொல்லட்டும்? நாளையிலேருந்து மணி கிடையாது, கோழியைக் கேட்டுக்கோங்கன்னு சொல்லிரட்டுமா?"

"பொறு அக்கா. பார்க்கறோம்."

"உன் புருஷன் இங்க வந்துபோன காலத்துல ஒரு நாள்கூடச் சொன்ன நேரத்துக்கு வந்ததில்ல. காணாமப் போன பிறகுதான் மணிக்கு மணி ஆஜராகறாரு. அதையும் கெடுக்கறீங்க." சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள். "ஒண்ணு கேக்கணும். நீங்க ஏதாவது மாத்தினீங்களா?"

"எதை?"

"நேத்து நாய் குரைக்கல."

நேற்று நண்பகலில் வீட்டில் மின்சாரம் இல்லை; அந்த ஒரு மணியை மட்டும் எதித்தா கேட்கவில்லை.

நண்பகல் மணியைப் பதிந்தபோது அவர்கள் வீட்டுத் தொப்பை நாய் குவாத்தோன் அலமாரிக்கு வெளியே நின்று ஒரு தடவை குரைத்தது. ரொசமெல் அதை நீக்கவில்லை. 'நண்பகல் பன்னிரண்டு மணி', அதன்பின் ஒரு குரைப்பு. அந்தக் குரைப்பைக் கேட்டுத்தான் தீவுகளில் மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுப்பார்கள். அவர் காணாமல் போனபின் குவாத்தோன் படகுத்துறையிலேயே கிடந்தது. கோடை பிறந்தபோது செத்தும் போனது.

"எங்க பிள்ளைங்க அவர் மணி சொன்னதும் தாங்களும் சேர்ந்து குரைச்சுட்டுத்தான் உட்காரும்," என்றாள் ஓர்பெலினா. "நேத்து அதுங்க மட்டும்தான் குரைச்சுது. குரைச்சுட்டு ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டு நின்னுச்சு. இங்க ஒரு கிழவி சிலுவை போட்டுக்கிட்டா. நாயும் அவர்கிட்டப் போய்ச் சேர்ந்திருச்சு, இனி குரைக்க வேண்டியதில்லன்னு சொன்னா."

"லைன் சரியில்லாம இருக்கும் அக்கா."

"இருக்கும்," என்றாள் ஓர்பெலினா, நம்பாத குரலில். "நான் சொன்னா கோவிச்சுக்காத. செத்தவங்களுக்கு வைக்கற ஒன்பது நாள் ஜெபம்கூட நீ வைக்கல. மனுஷனைப் பேச வச்சுக்கிட்டே இருந்தா அவர் எப்படிப் போவாரு? ஆனா பேச்சு நின்னா நான் எப்படி இருப்பேன்னும் தெரியல. ரெண்டையும் சேர்த்துச் சொல்றேன், நீயே பிரிச்சுக்கோ."

தொலைபேசியை வைத்ததும் எதித்தா கேட்டாள். "யாஸ்னா, நீ பன்னெண்டு மணியைத் தொட்டியா?"

"நான் ஏன்மா தொடறேன்?"

நொல்பெர்த்தோ அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பு.

எதித்தா மேலங்கியை எடுத்தாள்.

"வா, போலாம். அவரு செத்துட்டாருன்னு சொன்னாத்தான் அவரைப் பேச விடுவாங்கன்னா, சொல்றேன். என் வாய் சொல்லட்டும். மனசு சொல்லாது."

•

காஸ்த்ரோ நகரத்துப் பதிவு அலுவலகத்தில் ஈரக் கம்பளியின் வாடை. புதுக் குழந்தைக்குப் பெயர் பதிய வந்த ஒரு தம்பதி, கால்சட்டையெல்லாம் சேறாக ஒரு விவசாயி, எல்லோருக்கும் பின்னால் எதித்தா. அவளுக்கு இருபக்கமும் மகளும் கொழுந்தனும், அவள் ஓடிவிடாமல் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் போல.

முறை வந்தபோது மேசைப் பெண் தாளைத் திருப்பி வைத்தாள். குரலில் பழகிய மென்மை.

"இங்க ஒண்ணு, கீழ ஒண்ணும்மா. அவசரமில்ல."

ரொசமெல் எலியோதோரோ பர்ரியா நவுயெல்கின். முழுப் பெயரையும் அச்சில் பார்த்து வெகுகாலமாகிவிட்டது. கல்யாணத்தன்று இதே அலுவலகத்தில் இதே பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். அன்று பேனா சிந்தியதற்கு அவர்தான் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

முதல் கையெழுத்தைப் போட்டாள்.

இரண்டாவதற்குப் பேனாவைக் கொண்டுபோனபோது மேசைக்குப் பின்னாலிருந்த வானொலியில் பாட்டு அடங்கியது.

"நேரம், நண்பகல் பன்னிரண்டு மணி."

அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். தங்களுக்கே தெரியாமல் காத்திருந்தார்கள். விவசாயி தலையைச் சாய்த்தான். மேசைப் பெண்ணின் விரல் காற்றில் நின்றது.

குரைப்பு வரவில்லை.

அது மட்டுமல்ல. குரலில் சளி இல்லை. 'பன்னிரண்டு' என்பதை இத்தனை மெதுவாக, இத்தனை களைத்து அவர் சொன்னதே கிடையாது. அவர் குரல்தான். ஆனால் அலமாரிக்குள் தலையை நுழைத்துப் பேசிய குரல் இல்லை. அதைச் சுற்றி எங்கோ காற்று வீசியது.

"நாய் எங்க?" என்றாள். யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"லைன் கோளாறு அண்ணி," என்றான் நொல்பெர்த்தோ. "போடுங்க. மூடிருவாங்க."

அவ்வளவு வேகமாகப் பதில் வந்திருக்க வேண்டியதில்லை. அது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. அந்தக் கணத்தில் அவள் பார்த்தது யாஸ்னாவை. மகளின் கன்னம் நனைந்திருந்தது. உதடு மட்டும் அசைந்தது. "அம்மா, ப்ளீஸ். நாளைக்கும் கேக்கணும்."

எதித்தா இரண்டாவது கையெழுத்தையும் போட்டாள்.

முத்திரை விழுந்தது. அலுவலகத்தின் கணக்கில் ரொசமெல் இறந்துபோனார்.

•

வீட்டுக்குள் வந்ததும் யாஸ்னா மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கணினி முன்னால் உட்கார்ந்தாள். சான்றிதழைப் படமெடுத்துக் கடைக்கு அனுப்பினாள். எதித்தா அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"அந்தப் பன்னெண்டு மணியை மாத்தினது யாரு?"

"அதான் எனக்கும் புரியல. ரெகாதோவுல ஒரு குரலை மாத்தினா அது கடை வழியாத்தான் எல்லா இடத்துக்கும் போகும். கடைக்கு அனுப்பணும்னா அப்பா கணக்குலேருந்துதான் அனுப்பணும்."

"அவர் கணக்குதான் ஊரெல்லாம் திறந்து கிடக்கே."

"கிடக்கு. எந்தத் தீவுல எவன் வேணும்னாலும் உட்கார்ந்து பண்ணலாம்." யாஸ்னா கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா குரலுக்கு எங்கம்மா போவான்?"

நொல்பெர்த்தோ எழுந்தான். "விறகு குறைஞ்சிருக்கு. எடுத்துட்டு வரேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

திரையில் ஒரு வரி வந்தது. யாஸ்னா அதை வாசித்தாள். வாசித்த குரல் பாதியிலேயே தேய்ந்தது.

"'சான்றிதழ் கிடைத்தது. வழக்கப்படி இப்போதைய சொந்தக்காரருக்கும் தகவல் அனுப்பியிருக்கிறோம். அவருக்கு மறுப்பு இருந்தால் முகத்தைக் காட்டித் தெரிவிக்கலாம்.'"

"யாருக்கு அனுப்பியிருக்காங்களாம்?"

"அப்பாவுக்கு."

இரண்டு பேரும் அந்த வரியையே பார்த்தார்கள்.

"செத்துட்டாருன்னு காகிதம் குடுத்தா, செத்தவர்கிட்டயே போய் உண்மையான்னு கேக்குது," என்றாள் யாஸ்னா. சிரிக்கப் பார்த்தாள். "என்ன கடையோ. சும்மா ஒரு சடங்கும்மா. யாரும் பதில் சொல்லலன்னா தானா மாறிடும்."

எதித்தா மாத்தேயைக் கலக்கினாள். யாஸ்னா ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். தரைக்குக் கீழே நீர் வடியத் தொடங்கியிருந்தது; மரக்கால்களில் ஒட்டியிருந்த பாசி சொட்டும் சத்தம் கேட்டது. எல்லாத் தீவுகளிலும் ஒரே நேரத்தில் அந்தத் தகவல் எட்டிப் பார்க்கும் என்று எதித்தா நினைத்துக்கொண்டாள். ஜன்னலோரம் நனையும் கணினியில், பள்ளிக்கூட அறையில், கோயிலின் பின்கட்டில். ஆளில்லாத திரைகளில் ஒரு கேள்வி: நீங்கள் இறந்துவிட்டீர்களா?

கணினி மெல்ல ஒலித்தது.

"மாறிடுச்சு போல," என்று யாஸ்னா குனிந்தாள்.

குனிந்தவள் நிமிரவில்லை.

"யாஸ்னா?"

எதித்தா தானே நெருங்கிப் படித்தாள்.

'சொந்தக்காரரின் முகம் சரிபார்க்கப்பட்டது. மாற்றக் கோரிக்கை மறுக்கப்பட்டது. கணக்கு தொடர்கிறது.'

ஒருமுறை படித்தாள். எழுத்துக்கள் நகராமல் அங்கேயே இருந்தன.

"யாராவது தப்பா அமுக்கியிருப்பாங்க," என்றாள்.

"தப்பா அமுக்க முடியாதும்மா." யாஸ்னா விரலால் திரையைத் தொட்டுக் காட்டினாள். "முகத்தைக் காட்டணும். தலையைத் திருப்பிக் காட்டணும். சித்தப்பா மூஞ்சியைக்கூட ஒத்துக்காத கடைம்மா இது."

"அப்போ..."

"அப்போ அப்பா முகம்."

எதித்தா நாற்காலி எங்கே என்று தேடாமலேயே உட்கார்ந்தாள். இவ்வளவு நாளும் அவர் சாகவில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். இன்று மதியம், முதல்முறையாக, செத்துவிட்டார் என்று எழுதிக்கொடுத்தவளும் அவள்தான். மேலங்கிப் பையில் அந்தச் சான்றிதழ் இருந்தது. துணிக்கு மேலாகவே அது அவள் மேல் அனலாக உறைத்தது.

"கீழ காரணம்னு இருக்கு," என்றாள் யாஸ்னா. "மறுத்தா காரணம் எழுதணும் போல. திறக்கட்டுமா?"

எதித்தா தலையசைத்தாள்.

ஒரே ஒரு வரி.

'கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லி அனுப்பினேனே, எதி.'

எதி. அப்படி அவளைக் கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஒரு ஆள். அதுவும் வெளியாள் முன்னால் கூப்பிட்டதில்லை.

"யாருகிட்ட சொல்லி அனுப்பினாரு?" யாஸ்னாவின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "அம்மா, யாரு வந்து உங்ககிட்ட சொன்னா?"

"யாரும் சொல்லல, கண்ணு. யாருமே சொல்லல."

கதவு திறந்தது. நொல்பெர்த்தோ வாசலில் நின்றான். மழை அவன் முகத்தில் வழிந்தது. விறகு எடுக்கப் போனவன் கையில் விறகு இல்லை, கைப்பேசி இருந்தது. அவன் நின்ற இடத்திலிருந்து திரையின் முதுகுதான் தெரியும். அவர்களுடைய முகங்களை மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணன் என்ன எழுதியிருக்காரு?" என்றான்.

கேட்ட மறுகணமே அவன் கை மேலுதட்டுக்குப் போய், அங்கே இல்லாத மீசையைத் தடவி, கீழே இறங்கியது.

எதித்தா கணினியின் மூடியை மெதுவாகச் சாத்தினாள். எழுந்தாள். அவனைத் தாண்டிப் போய்க் கதவை மூடித் தாழ்ப்பாளைப் போட்டாள். தாழ்ப்பாளில் கையை வைத்தபடியே திரும்பினாள்.

"உட்காரு தம்பி," என்றாள். "அண்ணன் எழுதியிருக்காருன்னு உனக்கு யாரு சொன்னா?"